பாயிஸாவும் ஷூஷாவும்: விடுதலைக் கால இத்தாலியத் திரைப்படங்களில் மக்கள் மொழி

1946ஆம் ஆண்டில் இத்தாலிய நாட்டில் வெளிவந்த இரண்டு திரைப்படங்கள் தம் பெயராலேயே மொழி ஆராய்வார் கருத்தைக் கவரத் தக்கன. ஒன்று, ரொபெர்த்தோ ரொஸெல்லினி இயக்கிய 'பாயிஸா'. மற்றொன்று, வித்தோரியோ தெ ஸீகா இயக்கிய 'ஷூஷா'. பாயிஸா என்பது தென்னித்தாலிய வழக்குச் சொல். 'நம் ஊரான்' என்பது அதன் பொருள். ஊரவரை ஊரவர் விளிக்கும் சொல்லாக வழங்கிய அதனை, 1943இல் கடல் கடந்து வந்திறங்கிய அமெரிக்கப் படைவீரர் கற்றுக்கொண்டு, எதிர்ப்பட்ட இத்தாலியர் அனைவரையும் அச்சொல்லாலேயே அழைத்தனர்; இத்தாலியரும் அவ்வீரரை அதே சொல்லால் அழைத்தனர். ஷூஷா என்பதோ இதற்கு நேர்மாறான வழியில் வந்தது. காலணிக்கு மெருகிடுதலைக் குறிக்கும் 'ஷூ ஷைன்' என்னும் ஆங்கிலத் தொடர், நேப்பிள்ஸ் நகரத் தெருச் சிறுவர் வாயிற் புகுந்து உருத்திரிந்து, அத்தொழிலையும் அத்தொழில் செய்யும் சிறுவனையும் குறிக்கும் பெயராயிற்று. ஒன்று அயலார் எடுத்துக்கொண்ட ஊர்ச்சொல். மற்றொன்று ஊரார் எடுத்துக்கொண்ட அயற்சொல். திசைச்சொல் என நம் இலக்கண நூலார் வகுத்த பகுப்பினுள் இவற்றை அடக்கலாமெனினும், ஈண்டு வியத்தற்குரியது இவை பரவிய விரைவேயாம். படை வந்திறங்கி ஏறத்தாழ மூன்றாண்டில் இரண்டும் தெருவிலிருந்து திரைப்படத் தலைப்பிற்கு ஏறிவிட்டன.

இத்தாலியப் புது நடப்பியல் என வழங்கும் இவ்வியக்கத்தைப் பற்றி எழுதினோர் பலரும் அதன் காட்சியையே பெரிதும் போற்றினர். இடிந்த தெருக்கள், ஒப்பனையற்ற முகங்கள், நடிப்பைத் தொழிலாகக் கொள்ளாத மாந்தர் என்பன அவர்கள் எடுத்துக் கூறுவன. பிரெஞ்சுத் திறனாய்வாளரான ஆந்திரே பாஸென் 1948இல் இப்படங்களை விடுதலையின் இத்தாலியப் பள்ளி என ஒரு தொகுதியாகக் கொண்டு ஆராய்ந்தார். நிகழ்ச்சியின் துணுக்குகளை விளக்கமின்றி முன்வைத்து, அவற்றை இணைத்துப் பொருள் காணும் பொறுப்பைக் காண்போர்க்கே விடுதல் இவற்றின் தனித்தன்மை என்பது அவர் கருத்து. அஃது இன்றும் வலிவுடையதே. ஆயினும், வரலாற்று நோக்கில் இப்படங்களை அணுகுவோர் கண்ணுக்குப் புலனாவதனினும் காதில் விழுவதனையே மிகுதியும் கருதல் வேண்டும் என்பது எம் துணிபு. இடிந்த சுவரைச் செய்திப்படமும் காட்டும். வந்தவர்க்கும் இருந்தவர்க்கும் இடையே என்ன பேச்சு நிகழ்ந்தது, அதில் எது புரிந்தது, எது புரியாமற் போயிற்று என்பதற்கு இவற்றை ஒத்த சான்று அரிது.

நிகழ்ச்சிகளைச் சுருக்கமாக நினைவுகூர்தல் நலம். 1943 ஜூலை 10ஆம் நாள் நேச நாட்டுப் படைகள் ஸிஸிலித் தீவில் இறங்கின. அம்மாதம் 25ஆம் நாள் முஸோலினி பதவியிழந்தார். செப்டம்பர் 8ஆம் நாள் இத்தாலி போர் நிறுத்தம் செய்துகொண்டமை அறிவிக்கப்பெற்றது. உடனே ஜெர்மானியப் படை உரோமையையும் வடபகுதியையும் கைப்பற்றிக்கொண்டது. வடக்கே முஸோலினியைத் தலைவராகக் கொண்டு ஜெர்மானியர் நிழலில் மற்றோர் அரசு எழுந்தது. நேப்பிள்ஸ் மக்கள் செப்டம்பர் இறுதியில் நான்கு நாள் கிளர்ந்தெழுந்து போரிட்டனர். உரோமை 1944 ஜூன் 4ஆம் நாளும், பிளாரென்ஸ் அவ்வாண்டு ஆகஸ்டிலும் விடுபட்டன. வடபகுதி 1945 ஏப்ரல் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. ஆக, விடுதலை என்னும் ஒரு சொல் ஏறத்தாழ இருபத்திரண்டு மாதம் தெற்கிலிருந்து வடக்கே மெல்ல நகர்ந்த ஒரு போர்முனையைக் குறிக்கின்றது. இப்போரில் இந்தியாவின் 4ஆம், 8ஆம், 10ஆம் படைப்பிரிவுகளும் ஈடுபட்டன. கஸீனோ மலைப்போரில் சென்னைப் பொறியாளர் படையைச் சார்ந்த தமிழரும் பிற தென்னாட்டவரும் பணியாற்றினர் என்பது நம்மனோர் பலர் மறந்துவிட்ட செய்தி.

இனி, அந்நாட்டு மொழிநிலையை நோக்குவாம். 1861இல் இத்தாலி ஓர் அரசாக இணைந்தபோது இத்தாலியப் பொதுமொழியைப் பேச வல்லார் மிகச் சிலரே. மக்கள் தொகையில் நூற்றுக்கு 2.5 பேரே என்று துல்லியோ தெ மௌரோ 1963இல் வெளியிட்ட தம் மொழி வரலாற்று நூலிற் கணக்கிட்டார். அரிகோ கஸ்தெல்லானி 1982இல் அதனை மறுத்து நூற்றுக்குப் பத்தினை ஒட்டி உயர்த்தினார். எக்கணக்கைக் கொள்ளினும், பொதுமொழி ஏட்டுமொழியாகவே இருந்தது என்பது தெளிவு. எண்பதாண்டுக் காலப் பள்ளிக் கல்வியும் படைச் சேவையும் இந்நிலையைப் பெரிதும் மாற்றின. எனினும் வீட்டிலும் தெருவிலும் வட்டார மொழிகளே ஆட்சி செலுத்தின. பாஸிஸ ஆட்சி இவ்வுண்மையை மறைக்க முயன்றது. வட்டார மொழிகளைப் பள்ளியிலிருந்து விலக்கியது. அயற்சொற்களைக் களைய முற்பட்டது. 1938இல், மரியாதை முன்னிலைப் பெயராக வழங்கிய 'லேயி' என்பதனை நீக்கி 'வோயி' என்பதனையே ஆளுமாறு பணித்தது. ஒரு மக்கள் ஒருவரையொருவர் எச்சொல்லால் விளிப்பது என்பதிலும் அரசு தலையிட்டது என்க. திரைப்படத்தில் அயல்மொழிப் பேச்சு 1930 முதலே தடை செய்யப்பட்டிருந்தது. அமெரிக்கக் கொள்ளையனும் ஆங்கிலப் பிரபுவும் இத்தாலியத் திரையில் பிழையற்ற இத்தாலியமே பேசினர். உலகமே ஒரு மொழி பேசுவதாக ஒரு தலைமுறை திரையரங்கில் கேட்டு வளர்ந்தது.

இப்பின்னணியில் வைத்துக் கேட்டாலன்றி 'உரோமை, திறந்த நகரம்' என்னும் படத்தின் பேச்சு விளங்காது. வடபகுதி இன்னும் ஜெர்மானியர் கையில் இருந்த 1945ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ரொஸெல்லினி இதனை எடுக்கலானார். செப்டம்பரில் இது திரையிடப்பெற்றது. கதை மாந்தர் உண்மை மாந்தரின் சாயலிற் படைக்கப்பட்டவர். பாதிரியார் தொன் பியெத்ரோவின் பின்னே இருவர் நிற்கின்றனர்: 1944 ஏப்ரலில் சுட்டுக்கொல்லப்பட்ட தொன் ஜுஸெப்பே மொரொஸீனி, அதே ஆண்டு மார்ச்சு 24ஆம் நாள் அர்தியாத்தினே குகைகளில் ஜெர்மானியர் கொன்ற 335 பேருள் ஒருவரான தொன் பியெத்ரோ பாப்பகல்லோ. பீனா என்னும் பெண்ணின் சாவு, கருவுற்றிருந்த தெரெஸா குல்லாச்சே என்பார் 1944 மார்ச்சில் படைமனை வாயிலில் சுடப்பட்ட நிகழ்ச்சியை ஒட்டியது. அன்னா மன்யானியும் ஆல்தோ பாப்ரீட்ஸியும் இம்மாந்தர்க்கு உரோமைத் தெருப்பேச்சினையே அளித்தனர். ஜெர்மானியர் தமக்குள் ஜெர்மானியத்திலேயே பேசுகின்றனர். ஆயின் ஈண்டு நுனித்து நோக்கற்பாலது ஒன்றுண்டு. அப்படத்தில் இத்தாலியத்தைச் செவ்வனே பேச வல்ல அயலான் ஒருவன் உளன். அவன் கெஸ்டபோ அதிகாரி பெர்க்மான். தன் அறையை விட்டு நகராது, புகைப்படங்களைக் கொண்டே நகரை அறிபவன் அவன். பிறர் மொழியை அவன் கற்றது, அவர்களை வினவி வதைத்தற்கு. மொழியறிவு நட்பிற்கு வாயில் என்னும் எளிய கொள்கைக்கு இப்படம் இடந்தரவில்லை.

'பாயிஸா'வில் இச்சிக்கல் படத்தின் உயிராகவே அமைந்துவிட்டது. 1946ஆம் ஆண்டின் முற்பாதியில் எடுக்கப்பெற்று, செப்டம்பரில் வெனிஸ் நகரத் திரைப்பட விழாவிற் காட்டப்பெற்ற இப்படம், தொடர்பற்ற ஆறு பகுதிகளால் ஆனது. ஸிஸிலி, நேப்பிள்ஸ், உரோமை, பிளாரென்ஸ், ரொமாஞா நாட்டுத் துறவிமடம், போ ஆற்றுக் கழிமுகம் எனப் போர்முனை சென்ற வழியே கதையும் வடக்கே செல்கின்றது. ஒவ்வொரு பகுதிக்கு முன்னரும் ஓர் அறிவிப்பாளர் குரல் செவ்விய இத்தாலியத்தில் நிகழ்ச்சிகளை எடுத்துரைக்கின்றது. அக்குரல் ஓய்ந்ததும் பல மொழிகள் ஒருங்கே எழுகின்றன.

முதற் பகுதியில் இரவில் ஓர் அமெரிக்கச் சிறுபடை ஸிஸிலியச் சிற்றூர் ஒன்றை அடைகின்றது. கண்ணிவெடிகளுக்கு இடையே வழிகாட்டக் கர்மேலா என்னும் பெண் உடன் செல்கின்றாள். கடலோரப் பாழ்ங்கோபுரம் ஒன்றில் அவளுக்குக் காவலாக ஜோ என்னும் வீரன் நிறுத்தப்படுகின்றான். அவனுக்கு அவள் மொழி தெரியாது. அவளுக்கு அவன் மொழி தெரியாது. ஒருவர் சொல்லை மற்றவர் சொல்லிப் பார்க்கின்றனர். அச்சம் சிறிது சிறிதாகக் குறைகின்றது. தன் வீட்டாரின் படத்தைக் காட்ட அவன் தீக்கொளுத்தியை ஏற்றுகின்றான். அவ்வொளியை இலக்காகக் கொண்டு ஜெர்மானியன் ஒருவன் சுட, ஜோ வீழ்கின்றான். அவள் அவனது துப்பாக்கியை எடுத்துப் பகைவரைச் சுட்டு, அவர்கள் கையாலேயே மடிகின்றாள். திரும்பி வந்த அமெரிக்கர் காண்பது தம் தோழனின் உடலை மட்டுமே. அவனைக் கொன்றவள் அவளே என்று முடிவு செய்கின்றனர். படம் பார்ப்போர் அன்றி உண்மையறிந்தார் எவரும் உயிருடன் இல்லை. விடுதலையின் முதல் நாளைப் பற்றிய முதற் கதையே, எழுதப்பட்ட குறிப்பு பொய்யாய்விடும் ஒரு கதையாக அமைந்துள்ளமை வரலாற்று மாணவர் சிந்தித்தற்குரியது. அப்படைப்பிரிவின் ஏட்டில் கர்மேலா எவ்வாறு பதியப்பட்டிருப்பாள்?

நேப்பிள்ஸ் பகுதி இதனினும் ஆழமானது. ஆறனுள் சிறந்தது இதுவே என்று கூறவும் யாம் தயங்கோம். குடிமயக்கில் இருக்கும் கருநிற அமெரிக்கப் படைக் காவலன் ஒருவனைப் பஸ்குவாலே என்னும் தெருச் சிறுவன் தன்வயப்படுத்திக்கொள்கின்றான். இருவரும் பாவைக்கூத்து நிகழும் அரங்கொன்றிற் புகுகின்றனர். அங்கே வெண்ணிற வீரன் ஒருவன் கருநிற மூர் வீரனைத் தாக்க, அக்காவலன் பாய்ந்து மேடையேறி மூர் பக்கம் நின்று பொம்மையோடு போரிடுகின்றான். பின்னர் இருவரும் இடிபாட்டுக் குவியலின்மேல் அமர்கின்றனர். அவன் ஆங்கிலத்தில், நியூயார்க்கு நகரம் தன்னை வீரனாக வரவேற்பதைக் கனவு காண்கின்றான். பாட்டும் கூத்துமாய்ப் பேசிக்கொண்டே சென்று, திடீரெனத் தன் வீடு ஒரு பழங்குடிசை என்பது நினைவிற்கு வர, வீடு திரும்ப விருப்பமில்லை என்று சோர்கின்றான். சிறுவன் நேப்பிள்ஸ் மொழியில் ஒன்றே சொல்கின்றான்: உறங்கினால் உன் காலணியைத் திருடிவிடுவேன் என்பது. இஃது எச்சரிக்கை, ஒருவகையில் நட்பின் கடமையும் ஆம். அவனுக்கோ இது புரியவில்லை. உறங்குகின்றான், காலணி போகின்றது. சில நாள் கழித்துச் சிறுவனைப் பிடித்துக் காலணியை மீட்க அவன் உறைவிடம் செல்லும் காவலன், மெர்ஜெல்லீனாவின் குகைகளில் வீடிழந்த மக்கள் கூட்டங்கூட்டமாய் வாழ்வதைக் காண்கின்றான். தாய் தந்தையர் எங்கே என்பது அவன் வினா. குண்டு வெடிக்கும் ஒலிக்குறிப்பே அதற்கு விடையாய் வருகின்றது. மொழிபெயர்ப்பு வேண்டாது இருவர்க்கும் பொதுவாய் அமைந்த சொல் அவ்வொன்றே. அக்குண்டு எந்நாட்டு விமானத்திலிருந்து விழுந்தது என்பதைப் படம் சொல்லவில்லை. சொல்ல வேண்டுவதும் இல்லை. காலணியைக் கீழே போட்டுவிட்டு அவன் வண்டியேறிச் செல்கின்றான்.

இதற்கு மாறாக, பின்வரும் மூன்று பகுதிகளிலும் மொழித்தடை தளர்ந்துவிடுகின்றது. ஆயினும் பிரிவு தளரவில்லை. உரோமைப் பகுதியில், விடுதலை நாளன்று சந்தித்த பெண்ணைத் தேடும் வீரன், ஆறு மாதம் கழித்து அவளே தன் முன் நிற்பதை அறிந்திலன். ஒருவர் பேசுவது மற்றவர்க்கு ஓரளவு புரிகின்றது. ஆனால் வறுமை அவளை இழிதொழிலிற் புகுத்திவிட்டமையால் முகம் புரியவில்லை. பிளாரென்ஸ் பகுதியில் இத்தாலியம் நன்கறிந்த அமெரிக்கச் செவிலி ஒருத்தி, மக்கட் படைத் தலைவனான தன் பழைய நண்பனைத் தேடி, உப்பீட்ஸிக் கலைக்கூடத்தின் வழியே ஆர்னோ ஆற்றைக் கடக்கின்றாள். அவன் இறந்தான் என்னும் செய்தி, அவள் வினவாமலே, சாகும் நிலையிலுள்ள ஒரு வீரன் பேச்சிலிருந்து அவள் காதில் விழுகின்றது. மொழி தெரிந்தமையாலேயே அவள் அதனைக் கேட்க நேர்ந்தது. துறவிமடப் பகுதியில் வரும் அமெரிக்கப் படைக்குருமார் மூவருள் கத்தோலிக்கர் ஒருவரே இத்தாலியம் அறிந்தவர். ஏனைய இருவருள் ஒருவர் புரோட்டஸ்டண்டு சமயத்தினர், மற்றவர் யூதர் என அறிந்த துறவிகள், அவ்விருவரும் மனம் மாற வேண்டி உண்ணாதிருக்கின்றனர். இப்பகுதி துறவிகளைப் போற்றுகின்றதா, மெல்ல நகைக்கின்றதா என்பது பற்றி இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. எமக்கு இது படத்தின் மெலிந்த பகுதியாகவே தோன்றுகின்றது.

ஈண்டுத் தடையொன்று எழும். இப்பேச்சினைச் சான்றெனக் கொள்ளல் பொருந்துமோ? 'உரோமை, திறந்த நகரம்' ஒலியின்றிப் படம்பிடிக்கப்பட்டு, குரல் பின்னர்ச் சேர்க்கப்பட்டது. ஒலிப்பதிவிற்குப் பொருள் வசதியில்லாமையே காரணம். 'பாயிஸா'வின் ஸிஸிலிக் காட்சிகள் ஸிஸிலியில் எடுக்கப்பட்டவை அல்ல. அக்கோபுரம் அமல்பிக் கடற்கரையில் மயோரி என்னும் ஊரில் உள்ளது. ரொமாஞா மடமாகக் காட்டப்படுவதும் அவ்வூர் மடமே. ஆதலின், நடந்ததை நடந்தவாறே பொறி பதிந்துகொண்டது என்னும் பெருமொழி நிற்காது. இத்தடையை யாம் ஏற்கின்றோம். ஏற்பதனாலேயே எம் கருத்து வலிவுறுகின்றது எனவும் கருதுகின்றோம். குரலைப் பின்னர்ச் சேர்ப்போர்க்கு எம்மொழியையும் சேர்க்கும் உரிமை உண்டு. எல்லாரையும் பொதுமொழி பேசவைத்தல் எளிது; வழக்கமும் அதுவே; வருவாய்க்கும் அதுவே உகந்தது. அவ்வெளிய வழியை விடுத்து, காண்போர் பாதி புரியாமல் திகைக்கும்படி பேச்சை அமைத்தமை ஒருவர் ஆராய்ந்து செய்த தெரிவு. தற்செயலாய்ப் பதிந்த ஒலியினும், வேண்டுமென்றே காக்கப்பட்ட ஒலி அக்காலத்தார் மனத்தைச் சிறப்பாகக் காட்டும். இரண்டாண்டு கழித்து லுக்கீனோ விஸ்கோன்தி 'நிலம் நடுங்குகின்றது' என்னும் படத்தில் ஆச்சி திரெத்ஸா ஊர் மீனவரை அவர்தம் ஸிஸிலிய மொழியிலேயே பேசவைத்து, ஏனைய இத்தாலியர்க்கு விளங்கப் பொதுமொழியில் ஓர் உரையைச் சேர்க்க வேண்டியதாயிற்று என்பதும் ஈண்டு ஒப்பிடத்தக்கது.

மற்றொரு குறையை இத்துணை எளிதில் நீக்க இயலாது. இத்தாலியர் இருபதாண்டு பாஸிஸத்தின்கீழ் வாழ்ந்தனர். அவருட் பலர் அதனை விரும்பியும் வாழ்ந்தனர். ரொஸெல்லினியே 1941க்கும் 1943க்கும் இடையே அவ்வரசின் போருக்குத் துணையான மூன்று படங்களை இயக்கியவர். 'உரோமை, திறந்த நகரம்' கொடுமையை ஜெர்மானிய மொழியில் பேசவைத்தது. இத்தாலியப் பாஸிஸ்டுகள் அதில் நிழலுருவினராகவே வருகின்றனர். பாதிரியாரைச் சுட நிறுத்தப்பட்ட இத்தாலிய வீரர்கூட இலக்குத் தவறச் சுடுகின்றனர். 'பாயிஸா'வின் பிளாரென்ஸ் பகுதியில் மறைந்திருந்து சுட்ட பாஸிஸ்டுகளை மக்கட் படையினர் இழுத்து வந்து தெருவிற் கொல்லும் காட்சி ஒன்றுண்டு. கொல்வோரும் கொல்லப்படுவோரும் ஒருமொழியினர். ஆனால் அக்காட்சி நொடிப்பொழுதிற் கடந்துவிடுகின்றது. அயலாரோடு நேர்ந்த மொழிக்குழப்பத்தை இவ்வளவு நுட்பமாகப் பதிந்தவர், ஒரே மொழியார்க்குள் நிகழ்ந்த போரைப் பதியத் தயங்கினர். 'ஷூஷா' இவ்வகையில் துணிவுடையது. அமெரிக்கர் காலணிகளுக்கு மெருகிட்டுக் காசு சேர்த்துக் குதிரை வாங்கக் கனவு காணும் உரோமைச் சிறுவர் இருவர், அமெரிக்கப் போர்வைகளைக் கள்ளச் சந்தையில் விற்கும் சூழ்ச்சியிற் சிக்கிச் சிறுவர் சிறை புகுகின்றனர். அங்கே அவர்களை ஏமாற்றி, ஒருவனுக்கு மற்றவனைப் பகையாக்கும் அதிகாரிகள் அயலார் அல்லர்.

1952இல் நம் நாட்டில் நடைபெற்ற முதல் அனைத்துலகத் திரைப்பட விழா பம்பாயில் தொடங்கிச் சென்னைக்கும் வந்தது; 'உரோமை, திறந்த நகரம்' அவ்விழாப் படங்களுள் ஒன்று. அதன்பின் இப்படங்கள் நம்மிடையே திரைப்படக் கழகங்களிலும் பல்கலைக்கழகங்களிலும் காட்டப்பெற்றே வந்துள்ளன. ஆயின், அடியெழுத்தின் துணைகொண்டு காண்போர் ஒன்றை இழக்கின்றனர். நேப்பிள்ஸ் சிறுவன் பேச்சும் அமெரிக்கன் பேச்சும் ஒரே ஆங்கிலமாய்த் திரையின் அடியில் ஓடுகின்றன. இருவர்க்கும் ஒருவரையொருவர் புரியவில்லை. நமக்கோ இருவரையும் புரிகின்றது. புரியாமையைக் கருவாகக் கொண்ட படத்தை எல்லாம் புரிந்த நிலையில் காண்கின்றோம். வழக்கினையும் சான்றாகக் கொள்ளும் இலக்கண மரபில் வந்த தமிழ் மாணவர் இப்படங்களை ஆராயுமிடத்து, ஒருமுறையேனும் அடியெழுத்தை மறைத்துவிட்டுக் கேட்டல் வேண்டும்.

இறுதிப் பகுதி போ ஆற்றுக் கழிமுகத்தில், 1944இன் குளிர்காலத்தில் நிகழ்வது. நேசப்படைத் தலைவர் அலெக்ஸாந்தர் அவ்வாண்டு நவம்பர் 13ஆம் நாள் வானொலி வாயிலாக, மக்கட் படையினர் பெரிய நடவடிக்கைகளை நிறுத்தி இளவேனில் வரை பொறுத்திருக்குமாறு அறிவித்திருந்தார். பகைவர் நடுவே நாணற் புதரில் ஒளிந்திருப்போர் எவ்வாறு பொறுத்திருத்தல் இயலும்? படத்திலும் அத்தகைய ஆணை வருகின்றது. ஆற்றில் ஓர் உடல் மிதந்து வருகின்றது. அதன்மேல் ஒரே ஒரு சொல் எழுதிய பலகை: மக்கட் படையினன் என்பது. பகைவர் இகழ்ச்சியாக எழுதிய அச்சொல்லையே தோழர் அவன் புதைகுழிக்கு அடையாளமாக நடுகின்றனர். இவர்களுக்கு உணவளித்த மீனவக் குடும்பத்தை ஜெர்மானியர் கொன்றுவிட, குழந்தை ஒன்று மட்டும் பிணங்களுக்கிடையே அழுதுகொண்டு நிற்கின்றது. இங்கே அமெரிக்கரும் ஆங்கிலேயரும் கழிமுகத்து மீனவரும் ஒருவர் பேச்சை ஒருவர் குறிப்பாலேயே அறிந்துகொள்கின்றனர். படம் முழுவதிலும் பிழையின்றிப் புரிதல் நிகழும் இடம் இஃதொன்றே. பிடிபட்டபின் சீருடை அணிந்தோர் போர்க்கைதிகள் ஆகின்றனர். அணியாதோர்க்கு அச்சட்டம் இல்லை. கைகள் பின்னே கட்டப்பட்ட மக்கட் படையினர் படகின் விளிம்பில் நிறுத்தப்பட்டு, ஒருவர்பின் ஒருவராக நீரில் தள்ளப்படுகின்றனர். தடுக்கக் கூவி ஓடிய அமெரிக்கனும் சுடப்படுகின்றான். நீர் மூடிக்கொள்கின்றது. அப்பொழுது அறிவிப்பாளரின் செவ்விய இத்தாலியக் குரல் மீண்டும் எழுந்து, இது 1944ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் நிகழ்ந்தது என்றும், இளவேனில் தொடங்கியபோது போர் முடிந்துவிட்டது என்றும் அறிவித்து அடங்குகின்றது.